வெறும் "கடலை" என்றால் எந்தக் கடலை?

மஞ்சக்குப்பத்திலிருந்து ஓர் அம்மா:

என் பையனுக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஆகாது. கடலூர்ப் பக்கம் பிறந்துவிட்டு மல்லாட்டை ஆகாதென்றால் யார் நம்புவார்கள்? என் மாமியாரே ரெண்டு வருஷம் நம்பவில்லை. "நாங்கள்லாம் அவிச்ச மல்லாட்டையத் தின்னுதான் வளர்ந்தோம்" என்பார்.

போன ஆடியில் ஒரு கடையில் இட்லிப் பொடி வாங்கினேன். வீட்டில் செய்து பாக்கெட் போடும் சரக்கு. மேலே ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் "உளுந்து, கடலை, மிளகாய், பெருங்காயம், உப்பு" என்று தமிழிலேயே இருந்தது. எனக்கு அதுவே சந்தோஷம். லேபிளில் இங்கிலீஷோ இந்தியோ இருந்தால் போதும், தமிழ் கட்டாயமில்லை என்பதுதான் விதி. அதனால் பெரிய கம்பெனி பாக்கெட்டுகளை என் மாமியாரால் படிக்கவே முடியாது. இதை அவரே எழுத்துக்கூட்டிப் படித்தார். இட்லிப் பொடியில் கடலை என்றால் கடலைப்பருப்புதானே என்று இரண்டு பேருமே நினைத்தோம்.

இரண்டாவது இட்லியிலேயே பையன் உதட்டைச் சொறிய ஆரம்பித்தான். "அம்மா, நாக்கு கனமா இருக்கு" என்றான். திரும்பிப் பார்ப்பதற்குள் கண் இமை வீங்கிவிட்டது, கழுத்து முழுக்கத் தடிப்பு. சட்டைகூட மாற்றாமல் ஸ்கூட்டியில் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரியில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டு, சாயங்காலம் வரை பக்கத்திலேயே வைத்துப் பார்த்துத்தான் அனுப்பினார்கள்.

மறுநாள் கடைக்காரர், பொடி அரைக்கும் அம்மாவுக்கே போன் போட்டுக் கொடுத்தார். "கடலைன்னா மல்லாட்டைதான் அக்கா. வறுத்து அரைச்சாத்தான் வாசனை. கடலைப்பருப்பு போட்டா கடலைப்பருப்புன்னே எழுதியிருப்பேனே" என்றார். சண்டை போடத்தான் போனேன், வாயே வரவில்லை. அவர் சொன்னதும் நியாயம்தான். கடலை எண்ணெய் மல்லாட்டையில் ஆட்டுவது, கடலை மாவு கடலைப்பருப்பில் அரைப்பது. சட்னிக்குப் பொட்டுக்கடலை, சுண்டலுக்குக் கொண்டைக்கடலை. வெறும் கடலை என்று எழுதினால் அவரவர் வீட்டுக் கடலைதான் அவரவர் கண்ணுக்குத் தெரியும்.

உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2020 லேபிள் விதிப்படி வேர்க்கடலை, பால், முட்டை, மீன், சோயா போன்றவை இருந்தால் பொருள் பட்டியலோடு நிறுத்தாமல் "இதில் உள்ளது" என்று தனியாகவும் போட வேண்டும். அது அந்த அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் அன்றுவரை தெரியாது. இப்போது ஸ்டிக்கரில் "மல்லாட்டை" என்றே அடித்திருக்கிறார். கடைக்காரர் போட்டோ எடுத்து அனுப்பினார்.

முதுநகர், பெட்டிக்கடை:

அக்கா, ஸ்டிக்கர் இருந்தும் உங்களுக்கு இந்தக் கதி. என் கடையில் சரம் சரமாகத் தொங்கும் 5 ரூபாய் பாக்கெட்டுகள் சிலவற்றில் என்ன சேர்த்திருக்கிறது என்ற பட்டியலே இருக்காது. அது தப்பும் இல்லையாம். முன்பக்கம் பின்பக்கம் எல்லாம் சேர்த்து 100 சதுர சென்டிமீட்டருக்குள் இருக்கும் பாக்கெட்டுக்கு விலக்கு உண்டு. சின்ன பாக்கெட்டுகளை அடைத்து வரும் பெரிய கவரில் பட்டியல் இருந்தால் போதும் என்று லைன் வண்டிக்காரர் சொன்னார். அந்தப் பெரிய கவரை சரக்கு வந்ததும் கிழித்துக் குப்பையில் போடுவது நான்தான். படிக்கவேண்டிய பிள்ளை கைக்கு அது எந்தக் காலத்தில் போகும்?

போன மாதத்திலிருந்து அந்தக் கவரைப் பட்டியல் இருக்கும் இடத்தோடு கத்தரித்து, சரத்தின் தலையிலேயே துணி கிளிப் போட்டு மாட்டி வைக்கிறேன். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது. ஒரு ஆறாங்கிளாஸ் பெண் மட்டும் நின்று படித்துவிட்டு, "மாமா, 102ன்னா என்ன?" என்றாள். எனக்கென்ன தெரியும். பில் நம்பர் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

லாஸ்பேட்டை, ஓய்வு பெற்ற கெமிஸ்ட்ரி வாத்தியார்:

தம்பி, 102 என்பது டார்ட்ராசின், செயற்கை மஞ்சள் சாயம். அளவோடு சேர்க்க அனுமதி உண்டு. நம்பர் என்றாலே விஷம் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம். 100 என்பது மஞ்சளில் இருக்கும் குர்குமின். 300 வைட்டமின் சி. 330 எலுமிச்சையின் புளிப்பு. 500 ஆப்ப சோடா.

நான் ஏமாந்தது நம்பரே இல்லாத ஒரு சரக்கில். எனக்குச் சர்க்கரை வியாதி, பதினொரு வருஷமாக. "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்று முன்னால் பெரிதாகப் போட்ட பிஸ்கட்டை, தைரியமாக டீயில் தோய்த்து ஆறு தின்றேன். இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தால் 268. பாக்கெட்டைத் திருப்பினேன். எடையில் எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும். முதலில் மைதா, மூன்றாவதாக மால்டோடெக்ஸ்ட்ரின். ஸ்டார்ச்சை உடைத்துச் செய்யும் தூள் அது. நாக்கில் இனிக்காது, ரத்தத்தில் ஏறும். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கார்போஹைட்ரேட் பாடம் நடத்தியவன் நான். "வாத்தியாரே இப்படி" என்று வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

அடுத்து வாங்கியதில் மால்டிட்டால், சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் இனிப்பு. சர்க்கரை அவ்வளவாக ஏறவில்லை, ராத்திரி நாலு தரம் எழுந்தேன். வயிற்றைக் கலக்கலாம் என்று அதிலேயே பொடி எழுத்தில் எச்சரிக்கை இருந்திருக்கிறது. பேரனின் பூதக்கண்ணாடியை வாங்கித்தான் படித்தேன்.

முத்தியால்பேட்டை:

நீங்களெல்லாம் லேபிளைப் படித்து ஏமாந்தவர்கள். நான் பீச்சில் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்ததில் லேபிளே கிடையாது. வெறும் பாலித்தீன் பையில் ரோஸ் கலர் பஞ்சுமிட்டாய். 2024 பிப்ரவரியில் அதில் ரோடமின் பி கலந்திருப்பது தெரிந்து முதலில் புதுச்சேரியில் தடை போட்டார்கள், அதே மாதம் தமிழ்நாட்டிலும். துணிக்குப் போடும் சாயமாம். பிள்ளைகள் நாக்கை நீட்டி யாருக்கு அதிக ரோஸ் என்று காட்டியதை நானே போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

மஞ்சக்குப்பம் அம்மா:

முதுநகர் தம்பிக்கு ஒன்று. பையனின் பெரியம்மா வீடு அங்கேதான், லீவுக்கு வருவான். மல்லாட்டை இருக்கும் சரத்துக்கு மட்டும் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டி வைப்பீர்களா?

முதுநகர், பெட்டிக்கடை:

கட்டிடறேன் அக்கா. ஆனா கருப்பு ரிப்பன். சிவப்பக் கட்டினா பசங்க அதைத்தான் முதல்ல பிய்ப்பானுங்க.