லான் கேபிளில் வேகம் 94-லேயே நிற்கிறது, போனில் மட்டும் 280 வருகிறது

மாடியறை எழுதியது:

வணக்கம். வீட்டு இணைப்பை 100 மெகாபிட் திட்டத்திலிருந்து 300-க்கு மாற்றினேன். ரூட்டர் பக்கத்தில் நின்று போனில் வேகச் சோதனை ஓட்டினால் 280, 290 என்று வருகிறது. மேலறையில் இருக்கும் மேசைக் கணினியில் 94. காலையில் 94, நள்ளிரவிலும் 94. ஒருமுறை 94.3 வந்தபோது கொஞ்சம் நம்பிக்கை துளிர்த்தது, அவ்வளவுதான்.

கணினி வைஃபையில் இல்லை. ரூட்டரிலிருந்து சுவருக்குள் லான் கேபிள் போகிறது, மேலறைச் சுவரில் ஒரு சாக்கெட், அங்கிருந்து சின்ன கேபிள் கணினிக்கு. வீடு கட்டும்போதே போட்டது, அதற்கப்புறம் யாரும் தொட்டதில்லை. ஒயர் போட்டால் வைஃபையைவிட நன்றாக வர வேண்டாமா?

சேவை நிறுவனத்தின் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டேன். "உங்கள் லைனில் 300 சரியாக வருகிறது சார், கணினியில்தான் கோளாறு, விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி போடுங்கள்" என்றார்கள். இருப்பது விண்டோஸ் 11. வேலைக்கான மென்பொருள்கள், அவற்றின் உரிமங்கள், அமைப்புகள் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றுவதை நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது. அதற்கு முன் இங்கே கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

வேகப்பிரியன் எழுதியது:

டிஎன்எஸ்ஸை 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றிப் பாருங்கள் நண்பா. எனக்கு மாற்றியதுமே பக்கங்கள் பறந்தன. ஆன்டிவைரஸையும் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுச் சோதித்துப் பாருங்கள்.

பழைய கிரிம்பர் எழுதியது:

விண்டோஸைத் தொடாதீர்கள் சார். டிஎன்எஸ்ஸும் இருக்கிறபடியே இருக்கட்டும். தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் முகவரியைத் தேடிக் கொடுப்பதுதான் டிஎன்எஸ்ஸின் வேலை. அது மந்தமாக இருந்தால் பக்கம் திறக்கத் தொடங்குவது தாமதமாகும். வேகப்பிரியனுக்குப் பறந்தது அதனால்தான். ஆனால் வேகச் சோதனை 94-ல் முட்டி நிற்பதற்கு அது காரணமாக முடியாது.

நீங்கள் கொடுத்த எண்ணே நோயைச் சொல்லிவிடுகிறது. நெரிசல் என்றால் வேகம் ஆடும்: மாலையில் 60, விடியற்காலையில் 200 என்று ஏறி இறங்கும். எந்த நேரத்திலும் 94 என்று ஆணி அடித்தாற்போல் நின்றால் எங்கோ ஓர் இடத்தில் இணைப்பே 100 மெகாபிட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பழைய 100 மெகாபிட் திட்டத்தில் இருந்தபோதும் இப்படித்தான் ஓடியிருக்கும். அப்போது திட்டத்தின் அளவும் கம்பியின் அளவும் ஒன்றாக இருந்ததால் வெளியே தெரியவில்லை.

100 என்றால் ஏன் 94? ஈதர்நெட்டில், அதாவது லான் கேபிளில் ஓடும் முறையில், தரவு பொட்டலம் பொட்டலமாகப் போகிறது. முழுப் பொட்டலம் ஒன்று கம்பியில் 1538 பைட் இடம் பிடிக்கும். தொடக்கத் துடிப்பு, அனுப்புநர் பெறுநர் முகவரி, பிழை பார்க்கும் எண், அடுத்ததற்கு முன் விடும் இடைவெளி எல்லாம் அதில் அடக்கம். எங்கே போக வேண்டும், எத்தனையாவது என்று சொல்லும் ஐபி, டிசிபி தலைப்புகளும் போனால் உங்கள் கோப்புக்கு மிஞ்சுவது 1460 பைட், பல நேரங்களில் 1448 தான். வகுத்துப் பாருங்கள், 94-க்கும் 95-க்கும் இடைப்பட்ட சதவீதம் வரும். ஆகவே முழு ஆரோக்கியத்தோடு இருக்கும் 100 மெகாபிட் கம்பியும் இவ்வளவுதான் காட்டும். இந்த எண்ணைச் சொல்லிவிட்டால் நான் கணினியின் பெயரைக்கூடக் கேட்பதில்லை.

முதலில் இதை உறுதி செய்யுங்கள். அமைப்புகளில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் ஈதர்நெட்டைத் திறந்து கீழே வந்தால் இணைப்பு வேகம் என்று ஒரு வரி இருக்கும். 1000/1000 என்று இருந்தால் நான் சொன்னதெல்லாம் தப்பு, வேறு இடத்தில் தேடுவோம். 100/100 என்று இருந்தால் கேபிளின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடுவில்தான் குற்றவாளி.

அப்புறம் ரூட்டரின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஃபைபர் இணைப்போடு கொடுக்கும் பெட்டிகள் பலவற்றில் எல்லா லான் துளைகளும் ஒரே தரம் கிடையாது. ஒன்றிரண்டு மட்டும் ஜிகாபிட் (1000 மெகாபிட்), மற்றவை 100 மெகாபிட். துளைக்கு மேல் பொடி எழுத்தில் ஜிஈ (GE), எஃப்ஈ (FE) என்று போட்டிருக்கும். எஃப்ஈ என்றால் 100 தான், என்ன தலைகீழாக நின்றாலும் ஏறாது. கேபிள் அதில் இருந்தால் ஜிஈ துளைக்கு மாற்றிப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. மடிக்கணினி இருந்தால் ரூட்டர் பக்கத்திலேயே வைத்து, ஒரு சின்ன கேபிளால் அதே ஜிஈ துளையில் சொருகிச் சோதியுங்கள். சுவருக்குள் போகும் கேபிள்தான் காரணமா என்று பார்க்க இதைவிட எளிய வழி இல்லை.

சும்மா வந்தவர் எழுதியது:

குறுக்கே வந்ததற்கு மன்னிக்கவும். 94 போதாதா? 4கே படத்துக்கே 25 மெகாபிட் போதும் என்கிறார்கள்.

பழைய கிரிம்பர் எழுதியது:

படம் பார்க்கத் தாராளமாகப் போதும். பெரிய விளையாட்டு ஒன்றை இறக்கும்போதும், ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் படங்களை நகலெடுக்கும்போதும்தான் வலிக்கும். ஆனால் 300-க்குக் காசு கட்டிவிட்டு 94-ல் ஓட்டுவது என்ன நியாயம்?

மாடியறை எழுதியது:

பார்த்தேன். இணைப்பு வேகம் 100/100 என்றுதான் இருக்கிறது! இத்தனை நாள் அந்தப் பக்கத்தைத் திறக்க எனக்குத் தோன்றவே இல்லை.

ரூட்டரில் நீங்கள் சொன்ன மாதிரியே இரண்டு துளைகளுக்கு மேல் ஜிஈ, மற்றவற்றுக்கு எஃப்ஈ. மேலறைக் கேபிள் எஃப்ஈயில் இருந்தது. ஆஹா, முடிந்தது கதை என்று ஜிஈக்கு மாற்றினேன். மறுபடியும் 94. ஆனால் ஒரு வித்தியாசம். எஃப்ஈயில் சொருகியவுடன் விளக்கு எரியும். ஜிஈயில் சொருகினால் எரிகிறது, அணைகிறது, சில விநாடி யோசித்துவிட்டு மறுபடி எரிகிறது.

மடிக்கணினியைப் பக்கத்தில் வைத்துச் சின்ன கேபிளால் சோதித்தேன். 1000/1000, வேகம் 287. அப்படியானால் சுவருக்குள் இருக்கும் கேபிள்தானா? அதை மாற்றுவதென்றால் சுவரை உடைக்க வேண்டுமே.

இன்னொன்று கவனித்தேன். மேலறைக் கணினியிலிருந்து, கீழே ரூட்டரின் இன்னொரு ஜிஈ துளையில் சொருகியிருக்கும் சேமிப்புப் பெட்டிக்கு (வீட்டுக் கோப்புகளை வைக்கும் நெட்வொர்க் ஹார்ட் டிஸ்க்) எதை நகலெடுத்தாலும் விநாடிக்கு 11 மெகாபைட் தாண்டாது. இதுவும் அதே கதைதானா?

பழைய கிரிம்பர் எழுதியது:

அதே கதைதான். 8 பிட் ஒரு பைட். 94-ஐ 8-ஆல் வகுத்தால் 11 சொச்சம். லைன் சரியாக இருக்கிறது என்று உதவி எண்ணில் சொன்னது மட்டும் சரிதான் பாருங்கள். வீட்டுக்குள்ளேயே நடக்கும் நகலெடுப்பும் அதே இடத்தில் முட்டுகிறது, ஆகவே இணைய லைனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அந்த விளக்கு அணைந்து எரிவதைச் சொன்னீர்களே, அதுதான் எனக்குப் பிடித்த தடயம். லான் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு இணைகளாக முறுக்கியிருக்கும்: ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. 100 மெகாபிட்டுக்கு இரண்டு இணைகள் போதும், ஆரஞ்சும் பச்சையும். 1999-ல் வந்த ஜிகாபிட் முறைக்கு நான்கும் வேண்டும். இரு முனைகளும் "உனக்கு எவ்வளவு வேகம் தெரியும்?" என்று முதலில் பேசிக்கொள்வது அந்த ஆரஞ்சு, பச்சை வழியாகத்தான். "எனக்கு 1000 தெரியும்", "எனக்கும் தெரியும்" என்று ஒத்துக்கொண்டு, நான்கு இணைகளிலும் தொடங்கப் பார்த்து, முடியாமல் தோற்று, "சரி, 100-க்கே போய்விடுவோம்" என்று இறங்குகின்றன. நீங்கள் பார்த்த அந்தச் சில விநாடி யோசனை இதுதான். இப்படி இறங்கத் தெரியாத நெட்வொர்க் கார்டாக இருந்தால் இணைப்பே வந்திருக்காது.

அதனால் நீலமோ பழுப்போ எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது மாட்டாமலே விட்டிருக்கிறார்கள். சுவரை உடைக்கும் பேச்சே வேண்டாம். நான் பார்த்த வீடுகளில் கோளாறு பெரும்பாலும் முனைகளில்தான் இருக்கும், நடுவில் அபூர்வம். மேலறைச் சாக்கெட்டின் மூடியைக் கழற்றி உள்ளே எத்தனை நிறம் மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். கேபிளின் மேல் என்ன அச்சிட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். கேட் 5ஈ அல்லது 6 என்று இருந்தால் 100 மீட்டர் வரை ஜிகாபிட்டுக்குப் போதும்.

செம்புக் கம்பியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள். அலுமினியத்தின்மேல் செம்பு பூசி விற்கிற கேபிள் ஒன்று உண்டு. இரண்டு தடவை வளைத்தால் உள்ளுக்குள் முறிந்துவிடும், மேலே உறை அப்படியே அழகாக இருக்கும். அதை விற்பவர்கள்மேல் எனக்கு நெடுநாள் கோபம், அது வேறு விஷயம்.

மாடியறை எழுதியது:

மூடியைக் கழற்றினேன். கேட் 5ஈ, செம்புதான். சாக்கெட்டில் ஆரஞ்சும் பச்சையும் மட்டும் மாட்டியிருக்கின்றன. பழுப்பை வெட்டாமல் கேபிளின் உறைமேல் பின்பக்கமாகச் சுற்றி விட்டிருக்கிறார்கள். நீலம் அதே பெட்டிக்குள் பக்கத்தில் இருக்கும் தொலைபேசித் துளைக்குப் போகிறது. கீழேயும் அப்படியே. ஒரே கேபிளில் கணினிக்கும் தொலைபேசிக்கும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார் அன்றைக்கு ஒயரிங் செய்தவர். தரைவழித் தொலைபேசியை நாங்கள் விட்டு வெகுகாலம் ஆகிறது. நீலத்தைப் பிடுங்கி மாட்டிவிடலாமா?

பழைய கிரிம்பர் எழுதியது:

அந்தக் காலத்தில் அது தப்பான வேலை இல்லை. கணினிக்கு இரண்டு இணை போதும் என்றிருந்தபோது மிச்ச இணையில் தொலைபேசியை ஓட்டுவது எல்லோரும் செய்ததுதான்.

பிடுங்கலாம், ஆனால் ஒரு நிமிடம். தொலைபேசியை நீங்கள் விட்டாலும் வெளியிலிருந்து வரும் பழைய லைன் இன்னும் அந்த நீலத்தோடு கோத்திருக்கலாம். உயிருள்ள தொலைபேசி லைனில் சும்மா இருக்கும்போதே 48 வோல்ட் நிற்கும், மணி அடிக்கும்போது அதைவிட அதிகம். அதை ரூட்டருக்குள் விட்டால் ரூட்டர் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆகவே முதலில் கீழ்ப் பெட்டியில் வெளி லைனிலிருந்து நீலத்தைக் கழற்றுங்கள், முடிந்தால் மல்டிமீட்டர் வைத்து ஒன்றும் வரவில்லை என்று பார்த்துவிடுங்கள். அதன் பிறகுதான் மற்ற வேலை.

சாக்கெட்டின் பக்கவாட்டில் ஏ, பி என்று இரண்டு நிற வரிசை ஒட்டியிருக்கும். ஆரஞ்சும் பச்சையும் இப்போது எதன்படி இருக்கின்றனவோ அதையே தொடருங்கள், இரு முனையிலும் ஒன்றாக இருந்தால் போதும். பி என்றால் 4, 5-ல் நீலம், 7, 8-ல் பழுப்பு. ஏ என்றாலும் இவை இரண்டும் இடம் மாறாது, மாறுவது ஆரஞ்சும் பச்சையும்தான். முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீர்கள். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று நீளமாகப் பிரித்து விரித்து வைப்பார்கள் பலர், இரைச்சல் உள்ளே வருவதே அந்த வழியாகத்தான். கம்பியை ஸ்க்ரூடிரைவரால் அமுக்க வேண்டாம். பஞ்ச் டூல் என்று ஒன்று இருக்கிறது, சாக்கெட்டோடு ஒரு சின்ன பிளாஸ்டிக் கருவியும் வரும். அதுவே ஒரு முறைக்குத் தாங்கும்.

மாடியறை எழுதியது:

நீலத்தில் ஒன்றும் வரவில்லை, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டேன். இரு முனையிலும் நான்கு இணைகளையும் மாட்டியாயிற்று. கீழ்ச் சாக்கெட்டில் பழுப்பு கொஞ்சம் குட்டையாக இருந்தது, இழுத்துப் பிடித்து மாட்டினேன். சொருகியதும் விளக்கு தயங்காமல் எரிந்தது. 1000/1000. வேகம் 286. சேமிப்புப் பெட்டிக்கு நகலெடுப்பதும் இப்போது நூறு மெகாபைட்டைத் தொடுகிறது. ரொம்ப நன்றி ஐயா.

இரவுப்பூனை எழுதியது:

இந்த இழையைப் படித்துவிட்டு நானும் சோதித்தேன், எனக்கும் 94! ஆனால் சுவர்க் கேபிள் எதுவும் இல்லை. ரூட்டரிலிருந்து நேராக மடிக்கணினிக்கு, புது கேபிள், ஜிஈ துளைதான். மடிக்கணினியில் லான் துளை இல்லாததால் யுஎஸ்பி அடாப்டர் வழியாகச் சொருகுகிறேன். அதே கேபிளை நண்பரின் மடிக்கணினியில் சொருகினால் 1000 காட்டுகிறது.

பழைய கிரிம்பர் எழுதியது:

அப்படியானால் கேபிளும் ரூட்டரும் தப்பித்துவிட்டன, மிச்சம் இருப்பது அடாப்டர். விலை மலிவான யுஎஸ்பி அடாப்டர்கள் பலவற்றில் உள்ளே இருக்கும் சில்லே 100 மெகாபிட்டுக்கானது. மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், 10/100 என்று இருந்தால் அதோடு முடிந்தது. யுஎஸ்பி 3.0, ஜிகாபிட் இரண்டும் சொல்லியிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். ஜிகாபிட் என்று மட்டும் போட்டு யுஎஸ்பி 2.0 ஆக இருந்தால் 300 சொச்சத்தில் நின்றுவிடும். மடிக்கணினியில் சொருகும் துளையும் 3.0 தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.