ஒரு கண்ணறைக்குள் நான்கு முட்டைகள், மூடிகளில் நுண்துளை: நோயா, இராணி இல்லையா?

கேள்வி (குலசேகரம்)

வணக்கம். எங்கள் இரப்பர் தோட்டத்தை ஒட்டிய தென்னந்தோப்பில் நான்கு நியூட்டன் பெட்டிகளில் (சிறிய மரத் தேன்பெட்டிகளில்) இந்தியத் தேனீ வளர்த்து வருகிறேன். தொடங்கி இரண்டு ஆண்டுகளே ஆகின்றன. ஏறத்தாழ 40 நாள்களுக்கு முன் மூன்றாம் பெட்டியைத் திறந்து, கறுத்துப் போன பழைய அடை ஒன்றை வெட்டி நீக்கினேன். மழை இறங்குவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் இராணி எந்தச் சட்டத்தில் (அடையைத் தாங்கும் மரச்சட்டத்தில்) இருக்கிறது என்று பார்க்காமலேயே மூடிவிட்டேன்.

நேற்று மீண்டும் திறந்தபோது தேனீக்கள் இரண்டு சட்டங்களை மட்டுமே மூடியிருந்தன. பல கண்ணறைகளில் (அடையின் சிறு குழிகளில்) மூன்று, நான்கு முட்டைகள் இருக்கின்றன. ஆங்காங்கே சிதறியுள்ள மூடிய கண்ணறைகள் குமிழ்போல் மேலெழும்பி, சிலவற்றின் மூடி நடுவில் ஊசி முனை அளவுக்குத் துளை விழுந்திருக்கிறது. தேனீக்களும் மயிர் உதிர்ந்தவைபோல் கறுத்து மினுங்குகின்றன. பக்கத்துத் தோட்டக்காரர் இதைப் புழு நோய் என்று கூறி, பெட்டியை எரித்துவிடச் சொல்கிறார். வேறொருவர் புது இராணியைக் கூண்டில் அடைத்து உடனே வைக்கச் சொல்கிறார். எதைச் செய்வது?

பதில் 1 (திருவட்டாறு)

தயவுசெய்து எரித்துவிடாதீர்கள். 1991-92இல் தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் என்னும் புழு நோய் தென்னிந்தியாவில் பரவியபோது என் தந்தையார் வைத்திருந்த பெட்டிகள் பெரும்பாலும் காலியானதை நான் கண்டிருக்கிறேன். ஆகவே அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்நோயில் இறந்த புழு கண்ணறைக்குள் நீளவாக்கில் மல்லாந்து, தலை மேல்நோக்கி நிமிர்ந்து, படகுபோல் கிடக்கும். சிறு குச்சியால் தூக்கினால் நீர் நிரம்பிய பைபோல் முழுதாக வெளியே வரும். அப்படி ஏதேனும் கண்டீர்களா? இல்லையெனில், நீங்கள் சொல்லும் துளை நோயின் அடையாளமன்று. இந்தியத் தேனீயில் ஆண் தேனீக்களின் மூடி கூம்பாக எழும்பி, மேல் மெழுகு நீக்கப்பட்டபின் நடுவில் இயல்பாகவே நுண்துளையுடன் காணப்படும். அது மிகுதியாக இருப்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

பதில் 2 (மார்த்தாண்டம்)

மேலே சொன்னதை ஏற்கிறேன். முடிவு சொல்லுமுன் இரண்டு செய்திகள் தேவை. முட்டைகள் கண்ணறையின் அடியில் நடுவில் நிற்கின்றனவா, பக்கச் சுவரில் ஒட்டியிருக்கின்றனவா? சட்டங்களின் ஓரத்தில் பழைய இராணி அறை (இராணிப் புழு வளரும் பெரிய கண்ணறை) ஏதேனும் உள்ளதா, உண்டெனில் அதன் நுனி வட்டமாகத் திறந்திருக்கிறதா, பக்கவாட்டில் கிழிந்திருக்கிறதா? புதிதாக முட்டையிடத் தொடங்கும் இளம் இராணியும் சில நாள்கள் ஒரே கண்ணறையில் இரண்டு முட்டை இடுவதுண்டு என்பதால் எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தீர்மானிக்கக் கூடாது.

கேட்டவர்

நீர்ப்பை போன்ற புழு ஒன்றும் இல்லை. முட்டைகள் பெரும்பாலும் சுவரில் ஒட்டியுள்ளன. இரண்டாம் சட்டத்தின் கீழ் விளிம்பில் ஓர் இராணி அறை இருக்கிறது. நுனி மூடிபோல் வட்டமாக வெட்டுப்பட்டுள்ளது.

பதில் 2 (மார்த்தாண்டம்)

அப்படியானால் நடந்ததை ஓரளவு ஊகிக்கலாம். அடையை வெட்டிய நாளில் இராணி நசுங்கியோ தரையில் விழுந்தோ போயிருக்க வேண்டும். வேலைக்காரத் தேனீக்கள் மூன்று நாளுக்கு உட்பட்ட இளம் புழு ஒன்றைத் தேர்ந்து அரச கூழ் (இராணியாக வளரும் புழுவுக்கான உணவு) ஊட்டி, புது இராணியை வளர்த்திருக்கின்றன. நுனி வட்டமாகத் திறந்திருப்பதால் அந்த இராணி உயிருடன் வெளிவந்தது உறுதி. பக்கம் கிழிந்திருந்தால் உள்ளேயே கொல்லப்பட்டது என்று பொருள். வெளிவந்த இராணி புணர்ச்சிப் பறப்புக்குச் சென்று, மழையிலோ தேனீயைத் தின்னும் பஞ்சுருட்டான் குருவியிடமோ சிக்கித் திரும்பாமல் போயிருக்கலாம். அதற்குள் பழைய புழுக்களெல்லாம் வளர்ந்து முடிந்துவிட்டமையால், மறுபடி இராணி வளர்க்க அவற்றிடம் இளம் புழு இல்லை.

இராணியின் மணமும் புழுக்களின் மணமும் இல்லாத கூட்டத்தில் வேலைக்காரத் தேனீக்களின் சூலகம் விழித்துக்கொள்ளும். மேற்கத்தியத் தேனீயைவிட நம் இந்தியத் தேனீயில் இது விரைவாக நிகழ்கிறது. வயிறு குட்டையானதால் முட்டையை அடிவரை இறக்க இயலாமல் சுவரில் ஒட்டுகின்றன. ஒன்று இட்ட இடத்திலேயே மற்றொன்றும் இடுகிறது. இவை புணராதவை ஆகையால் அம்முட்டைகள் ஆண் தேனீக்களாக மட்டுமே வளரும். அன்றாட வேலைக்கு ஆள் பிறக்காமல் கூட்டம் கரைந்துகொண்டே போகும்.

கூண்டில் இராணியை இப்போது வைக்க வேண்டாம். இந்நிலையில் உள்ள தேனீக்கள் அவளைச் சூழ்ந்து கொன்றுவிடும். இரண்டு சட்டம்தான் எஞ்சியிருப்பதால், இதை வலுவான பெட்டியோடு இணைத்துவிடுவதே என் கருத்து. நாளுக்கு ஓரடியாகப் பெட்டியை நகர்த்திக் கொண்டுபோய், மாலையில் வலுவான பெட்டியின் கீழறைமேல் (புழு வளரும் அறைமேல்) சிறு துளைகளிட்ட செய்தித்தாளை விரித்து, அதன்மேல் இதை வையுங்கள். தாளை அவை கடித்து நீக்குவதற்குள் மணம் ஒன்றாகிவிடும்.

பதில் 1 (திருவட்டாறு)

இணைப்பது பாதுகாப்பானதுதான். எனினும் ஆகஸ்டு மாதத்தில் ஒரு கூட்டத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மற்ற பெட்டி ஒன்றிலிருந்து முட்டையும் இளம் புழுவும் உள்ள ஒரு சட்டத்தை, அதில் இராணி இல்லை என்று இருமுறை பார்த்து, தேனீக்களை மெல்லத் துடைத்து, இப்பெட்டியின் நடுவில் வையுங்கள். முதல் சட்டத்துக்கு அவை அசையாமல் போகலாம்; ஒரு வாரம் கழித்து மீண்டும் ஒன்று கொடுங்கள். புழுக்களின் மணம் முட்டையிடும் தேனீக்களை அடக்கிய பிறகே இராணி அறை கட்டும். ஆண் புழு நிறைந்த அடைகளை வெட்டி உருக்கிவிடுங்கள். காவலற்ற அடையில் மெழுகு அந்துப்பூச்சி குடியேறும். சர்க்கரைப் பாகை மாலையில் மட்டும் வையுங்கள், பகலில் வைத்தால் பிற கூட்டத்துத் தேனீக்கள் கொள்ளையிட வரும்.

கேட்டவர் (32ஆம் நாள்)

இரண்டாம் வழியையே தேர்ந்தேன். முதல் சட்டத்தில் ஒன்றும் கட்டவில்லை. எட்டாம் நாள் கொடுத்த இரண்டாவது சட்டத்தில் மூன்று இராணி அறைகள் எழும்பின. இன்று ஒரு கண்ணறைக்கு ஒரு முட்டை வீதம், அடியில் நேராக நிற்கின்றன. இராணியைக் கண்ணால் பார்க்கவில்லை. இனி நம்பலாமா?

பதில் 2 (மார்த்தாண்டம்)

நல்ல அடையாளம்; உங்கள் பொறுமைக்கு என் பாராட்டுகள். ஆனால் புணராத இராணியும் அடியில் ஒரு முட்டை வீதமே இடும், அதுவும் ஆணாகவே பிறக்கும். ஆகவே தேனீக்கள் கண்ணறைகளுக்கு மூடி போடும்வரை ஒரு வாரத்துக்குமேல் திறக்காமல் விடுங்கள். மூடி தட்டையாக இருந்தால் வேலைக்காரத் தேனீ. ஜனவரியில் இரப்பர் துளிர்த்து இலைக்காம்பில் மதுநீர் சுரக்கும் முன் கூட்டம் நிறைவதற்குக் காலம் இருக்கிறது. இரப்பர் மதுநீர் பூவிலிருந்து வராததால் மகரந்தம் கிடைக்காது; உங்கள் தென்னம்பாளைகள்தாம் அதற்கு உதவும்.

கேட்டவர் (42ஆம் நாள்)

இன்று காலை ஒரே ஒரு சட்டத்தை உயர்த்திப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்கு இடைவெளியின்றி மூடியிருக்கிறது, எல்லாம் தட்டை.