அப்பா கார் ஓட்டுவதை டாக்டர் ஏன் கேட்பதில்லை?

லயத்து வீட்டுப் பெண்:
நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். அப்பாவுக்கு 76 வயது. தோட்டத்தில் லோரி ஓட்டியவர், அதனால் யார் பேச்சும் எடுபடாது. போன மாதம் பழைய கஞ்சில் காரில் கோயிலுக்குப் போனவர், தோட்டத்துச் சாலையிலிருந்து பெரிய ரோட்டில் வலப்பக்கம் திரும்பும்போது, வந்துகொண்டிருந்த மோட்டாரைப் பார்க்கவே இல்லை. பையன் ரோட்டோர லோங்காங்கில், சாக்கடையில், விழுந்தான். கை சிராய்ப்போடு போயிற்று.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இனிப்புநீர் நோய்க்குக் கிளினிக் போகிறார், தானே ஓட்டிக்கொண்டு. "எப்படி வந்தீங்க?" என்று ஒரு டாக்டரும் கேட்டதில்லை. லோரி லைசன்ஸுக்கு மட்டும் மெடிக்கல் கேட்டார்களே! டாக்டர்களுக்கு இதெல்லாம் சொல்லித்தருவார்களா?

ஜொகூர்க்காரன்:
பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் 65 ஆனால் காருக்கும் மெடிக்கல் உண்டு அக்கா. அப்புறம் மூன்று வருடத்துக்கு ஒரு முறை.

கிளினிக் டாக்டர்:
உண்மையைச் சொல்கிறேன், நான் படித்தபோது யாரும் சொல்லித்தரவில்லை. அமெரிக்க மருத்துவர் சங்கம் இதற்கென்றே 2003இல் போட்ட வழிகாட்டியைப் பின்னால்தான் பார்த்தேன். அதிலுள்ள சோதனைகளுக்கு மெஷின் வேண்டாம். பத்தடி வேகமாக நடந்து திரும்பி வரவேண்டும். 9 விநாடி தாண்டினால் கவனிக்க வேண்டும். கடிகாரம் வரைந்து 11.10 மணி காட்டவேண்டும். 1-ஏ-2-பி என்று எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைப்பதும் உண்டு, அதற்கு மூன்று நிமிடம். ஆனால் தமிழ்ப்பள்ளியோடு நின்ற தாத்தா ஆங்கில எழுத்தில் தடுமாறினால் அது மூளைக் கோளாறு ஆகாது. பயிற்சியில் முதலில் சொல்லித்தர வேண்டியது அதுதான்.

அப்பாவின் மருந்தையும் பாருங்கள். சர்க்கரைக்கான கிளிக்லசைடு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் ஓட்டினால் சர்க்கரை இறங்கிவிடும். சளி மாத்திரையில் சிலது தூக்கம் தரும். சாவியைப் பிடுங்குவதெல்லாம் கடைசி. அந்தப் பயத்தில்தான் பலர் எங்களிடம் பொய் சொல்கிறார்கள்.

பழைய தண்டல்:
எனக்கு 72 ஆகுதும்மா. இருட்டினால் வண்டி எடுப்பதில்லை. அந்த மாதிரி முச்சந்தியில் இடப்பக்கம் திரும்பி, சிக்னல் வரை போய் வளைத்துக்கொண்டு வருவேன். கொஞ்சம் எண்ணெய் கூட ஆகும், ஆகட்டும். காரை நிறுத்தச் சொல்கிற டாக்டர், எங்கள் தோட்டத்துக்கு பஸ் எத்தனை மணிக்கு என்றும் சொல்லட்டும்.

லயத்து வீட்டுப் பெண்:
நன்றி டாக்டர், நன்றி ஐயா. நேற்று அப்பாவோடு நானும் உள்ளே போய்ப் பேச்சை எடுத்தேன். டாக்டர் சின்னப் பெண், முதலில் தயங்கினார். நடக்கச் சொன்னதும் அப்பா 7 விநாடியில் போய் வந்து மீசையைத் தடவினார். தோளுக்கு மேல் வலப்பக்கம் பாருங்கள் என்றபோது கழுத்து வரவில்லை, உடம்பே திரும்பியது. அதற்குப் பிறகு பேசவில்லை. கண் டாக்டருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். வீடு வரைக்கும் "பிரேக் போடு, பிரேக் போடு" என்றே வந்தார்.