பள்ளித் தோழி இப்போது செஃப்: எப்போது கூப்பிடுவது, எங்கே பார்ப்பது?

வைகைக்கரை:
மதுரையில் பிளஸ் டூ வரை ஒரே பெஞ்ச். நம்பர் மாறியதில் 14 வருடம் தொடர்பு விட்டுப்போனது, சண்டை ஒன்றும் இல்லை. இப்போது சென்னையில் ஒரு ஸ்டார் ஹோட்டலில் சூ செஃப் (தலைமை செஃப்புக்கு அடுத்த இடம்) என்று இன்ஸ்டாகிராமில் தெரிந்தது. மெசேஜ் போட்டு நாலு நாள் ஆகிறது, பதில் இல்லை. எந்த நேரத்தில் கூப்பிட்டால் எடுப்பாள்? சொல்லாமல் ஹோட்டலுக்கே போய் நின்றால் தப்பாகுமா? வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டால் ஒரு செஃப்புக்கு என்ன சமைப்பது? இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

கரண்டிக்காம்பு:
நாலு நாள் பதில் இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு கட்டாதீங்க. பல கிச்சன்களில் போன் லாக்கரோடு சரி. தெரியாத ஐடியிலிருந்து வந்த மெசேஜ் ரிக்வெஸ்டில் போய்க் கிடக்கும், அதை யாரும் திறந்தே பார்ப்பதில்லை. அவர் போட்ட ஏதாவது படத்துக்குக் கீழே பெயரும் ஊரும் சொல்லி ஒரு கமெண்ட் போட்டால் சீக்கிரம் கண்ணில் படும்.

நேரம்: பிரேக் ஷிஃப்ட் என்றால் காலை 11 முதல் 3, மறுபடி மாலை ஆறரை முதல் 11 தாண்டி. நடுவில் மூன்றரையிலிருந்து ஐந்தரை வரைதான் மூச்சு விடும் நேரம். அதிலும் பாதி நாள் இன்டென்ட் (தேவையான சாமான் பட்டியல்) எழுதுவதிலும் தூங்குவதிலும் போய்விடும். அதனால் முதலில் கால் வேண்டாம், எழுத்தில் ரெண்டு வரி போதும். வாய்ஸ் மெசேஜும் வேண்டாம், எக்ஸாஸ்ட் இரைச்சலில் ஒன்றும் கேட்காது.

"நான் இன்னார், பி செக்ஷன், ஜன்னலோர பெஞ்ச். உன் படங்களைப் பார்த்தேன். நேரம் கிடைக்கும்போது பேசலாம், அவசரமில்லை." இவ்வளவுதான். இதோடு சேர்த்து அக்கா மகனுக்கு ட்ரெய்னிங், பையன் பிறந்தநாளுக்கு கேக், பிரியாணி ரெசிபி என்று எதையாவது கேட்டீங்களோ, காரியத்துக்காகத் தேடி வந்த இன்னொரு ஆள் என்ற கணக்கில் போய்ச் சேர்ந்துடுவீங்க.

பந்திமேசை:
மேலே சொன்னதோடு மாதத்தையும் பாருங்க. முகூர்த்த மாதங்களில் பேங்க்வெட் (விருந்து ஹால்) நிரம்பி வழியும், ஆஃப் கூட கேன்சல் ஆகும். ஆடி பரவாயில்லை, கல்யாணம் இல்லாததால் கொஞ்சம் தளர்வு. மார்கழியிலும் கல்யாணம் இல்லையே என்று நினைத்துவிடாதீங்க. ஸ்டார் ஹோட்டலில் டிசம்பர் 24 முதல் 31 வரை யாரும் வீட்டுக்குப் போவதே கஷ்டம்.

வார ஆஃப் பெரும்பாலும் திங்கள் முதல் வியாழனுக்குள் வரும். ரோஸ்டர் (யாருக்கு எப்போது வேலை, ஆஃப் என்ற பட்டியல்) வாராவாரம் போடுவது, அதனால் மூணு வாரம் முன்னாடியே தேதி குறிக்காதீங்க. "ரோஸ்டர் போட்டதும் சொல்லு, உன் ஆஃபுக்கு நான் வர்றேன்" என்று விட்டுவிடுங்க.

ஹோட்டலுக்குத் திடீரென்று போகலாமா என்றால், போகலாம், ஆனால் செவ்வாய், புதன் இரவு 7 மணிக்குக் கடை திறந்ததும் போங்க. எட்டரையிலிருந்து பத்து வரை கேஓடி மெஷின் (கிச்சனுக்கு ஆர்டர் சீட்டு அடிப்பது) நிற்காமல் சீட்டைத் துப்பிக்கொண்டே இருக்கும். சூ செஃப் பாஸில் (தட்டுகள் வெளியே போகும் மேடை) நின்று ஒவ்வொரு தட்டாகப் பார்த்து வெளியே அனுப்பும் நேரம் அது. ஒரு தட்டு தவறினால் அந்த டேபிள் மொத்தமும் காத்திருக்கும். ஞாயிறு பிரஞ்ச் (காலை, மதியச் சாப்பாடு ஒன்றாகப் போடுவது) பக்கமே போகாதீங்க. உட்கார்ந்ததும் கேப்டனிடம் (பரிமாறுபவர்களின் மேற்பார்வையாளர்) ஒரு துண்டுச் சீட்டு கொடுங்க: பெயர், பள்ளி, டேபிள் நம்பர். ஓப்பன் கிச்சனாக இருந்தால் கை காட்டிக் கூப்பிட வேண்டாம். அவர் வெளியே வந்தாலும் யூனிஃபார்மில் உங்களோடு உட்கார முடியாது, ரெண்டு நிமிஷம் நின்று பேசிவிட்டுப் போவார். அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீங்க.

பில்லை முழுசாகக் கட்டுங்க. இலவசமாகப் போகும் ஒவ்வொரு தட்டுக்கும் யாராவது கையெழுத்துப் போட்டுக் கணக்குக் காட்டணும். அவராக ஒரு டெஸர்ட் அனுப்பினால் சந்தோஷமாகச் சாப்பிடுங்க, நீங்களாகக் கேட்காதீங்க. ராத்திரி ஷிஃப்ட் முடியட்டும் என்று வாசலில் காத்திருப்பதும் வேண்டாம். ஸ்டாஃப் வண்டி கிளம்பும் நேரத்தில் யாருக்கும் பேச நேரமிருக்காது.

வைகைக்கரை:
ரொம்ப நன்றி. செவ்வாய்க்கிழமை 7 மணி, குறித்துக்கொண்டேன். சாப்பாடு விஷயம் பாக்கி. நான் ரொட்டி, பனீர் டிக்கா என்று யோசித்து வைத்திருந்தேன்.

மண்சட்டி:
அதை விட்டுடுங்க. தந்தூர் 400 டிகிரியைத் தாண்டும், வீட்டு ஓவன் 250-ல் நின்றுவிடும். நான் ரொட்டி வேகாது, காயும். அதோடு மசாலா வாடையிலேயே இருக்கிறவருக்கு ஆஃப் நாளிலும் மசாலாவா? சோறு, கீரை மசியல், ரசம், சுட்ட அப்பளம், ஒரு மீன் குழம்பு போதும். மீனுக்கு முன்னால் ஒத்துக்கொள்ளாதது எதுவும் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்க.

மதுரைக்காரருக்கு அயிரை மீன் குழம்புதான் வைக்கணும். ஆனால் அதை உயிரோடு வாங்கணும், பாலில் விட்டு மண்ணைக் கக்க வைக்கணும், கல் உப்புப் போட்டு மண்சட்டியில் உரசணும். செத்த அயிரையில் வயிற்று மண் அப்படியே நிற்கும், குழம்பு நறநறக்கும். சென்னையில் உயிரோடு கிடைக்காவிட்டால் நெத்திலி எடுங்க.

4 பேருக்கு அரை கிலோ. தலையைக் கிள்ளி இழுத்தால் குடலும் கூடவே வரும். கல் உப்பு, மஞ்சள் போட்டு மூணு தண்ணீர் அலசுங்க. நல்லெண்ணெயில் வெந்தயம் தாளித்து, சின்ன வெங்காயம் 150 கிராம், பூண்டு 10 பல், தக்காளி 2, பிறகு பெரிய எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றி, குழம்புத்தூள் 3 ஸ்பூன், உப்பு. எண்ணெய் மிதக்கும் வரை கொதித்த பிறகுதான் மீன். 6 நிமிஷம் போதும். கரண்டி போட்டால் உடைந்து கூழாகும், சட்டியைத் துணியால் பிடித்துச் சுழற்றுங்க. காலையில் வைத்துவிட்டால் மதியத்துக்குள் புளிப்பு இறங்கியிருக்கும்.

கரண்டிக்காம்பு:
ஒண்ணு சேர்க்கணும். ஆஃப் அன்றைக்கு அவர் லேட்டாகத்தான் எழுவார், ஒன்றரை மணிக்கு மேல் வரச் சொல்லுங்க. வந்ததும் "உப்பு சரியா பாரேன்" என்று கரண்டியை நீட்டாதீங்க, நாற்காலியை நகர்த்திப் போடுங்க.