கனி கொடுப்பது என்றால் ஆள் கணக்கா?

கெடிலக்கரை (கடலூர்):
எங்க சபையில இந்த வருஷம் ஆளுக்கொரு படிவம் கொடுத்திருக்காங்க. மாசம் எத்தனை பேருக்குச் சுவிசேஷம் சொன்னோம், எத்தனை பேரை ஆராதனைக்குக் கூட்டி வந்தோம்னு நிரப்பித் தரணும். மேலே யோவான் 15:8: "நீங்கள் மிகுந்த கனிகளைக் கொடுப்பதினால் என் பிதா மகிமைப்படுவார்." ஆண்டவர் கேட்ட கனி இந்த எண்ணிக்கைதானா? எனக்கு மனசு ஒப்பலை.

முதுநகர் ஊழியன்:
இதுல ஒப்பாம போக என்ன இருக்கு சிஸ்டர்? லூக்கா 13-ல தோட்டத்துக்குச் சொந்தக்காரர் மூணு வருஷமா அத்திமரத்துல கனி தேடி வந்தார், காணோம், வெட்டிப்போடுன்னார். பெந்தெகொஸ்தே நாளில் ஏறக்குறைய 3,000 பேர் சேர்ந்தாங்கன்னு அப்போஸ்தலர் நடபடிகளும் எண்ணித்தான் எழுதியிருக்கு. கணக்கே கேட்காத சபைகளில், வருஷக்கணக்கா ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு ஆத்துமாவிடமும் வாய் திறக்காதவங்களை நான் பார்க்கிறேன். அதைவிடப் படிவம் மேல்.

மிஷன் வீதி:
நான் புதுச்சேரி, சம்பா கோவில் பங்கு. அத்திமரக் கதையைப் பாதியில் விட்டுட்டீங்க பிரதர். தோட்டக்காரர், "இந்த ஒரு வருஷம் இருக்கட்டும், சுத்திக் கொத்தி எருப்போடுறேன்"னு கெஞ்சுறார். சபையில அந்த வேலையை யார் செய்யறாங்க? படிவம் எருவாகாது.

இன்னொண்ணு. "கனிகளினாலே அறிவீர்கள்" என்று சொன்ன அதே மத்தேயு 7-ல் கொஞ்சம் கீழே வாசியுங்க. உமது பெயரால் தீர்க்கதரிசனம் சொன்னோம், பேய் துரத்தினோம், அற்புதம் செய்தோம்னு பட்டியலோடு வந்தவங்களிடம், "நான் உங்களை அறியவே இல்லை" என்கிறார். அவங்க படிவம் நிரம்பித்தான் இருந்திருக்கும்.

முதுநகர் ஊழியன்:
அது அக்கிரமம் செய்தவங்களுக்குச் சொன்னது, ஊழியம் செய்தவங்களுக்கு இல்லை. யோவான் 15:16-ஐயும் பாருங்க: "நீங்கள் போய்க் கனிகொடுக்கும்படி" ஏற்படுத்தினேன்னு சொல்றார். போகணும்! வீட்டுக்குள்ள சாந்தமா உட்கார்ந்துக்கிட்டு, கனி எனக்குள்ள பழுக்குதுன்னு சொன்னா யார் நம்புவாங்க?

பலாத்தோப்பு (பண்ருட்டி):
யார் நம்புவாங்களா? கூட இருக்கிறவங்களுக்குத் தெரியும் தம்பி. கலாத்தியர் 5-ல பவுல் சொல்ற ஆவியின் கனி அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடியபொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம். இதுல எதைத் தனியா உட்கார்ந்து காட்ட முடியும்? ஒருத்தர் பத்துப் பேரை ஞானஸ்நானத்துக்குக் கூட்டி வரட்டும். அவர்கிட்ட முந்திரி உடைக்கிற பொம்பளைங்களுக்கு வாரக் கூலியை இழுத்தடிச்சா, யாக்கோபு 5:4 சொல்ற மாதிரி அந்தக் கூலிதான் கர்த்தர் காதில் கூக்குரலிடும். கோயிலில் கை தட்டுறதைப் பார்க்காதீங்க, சனிக்கிழமை சாயங்காலம் அவர் களத்தில் வந்து நில்லுங்க.

புது விசுவாசியிடம் முதல் மாசமே எண்ணிக்கை கேட்கிறதுதான் எனக்குத் தாங்கலை. 2011 டிசம்பர் 30 தானே புயலில் எங்க பக்கம் முந்திரியும் பலாவும் வேரோட சாஞ்சது. திரும்ப முந்திரி ஒட்டுக்கன்று நட்டு வளர்க்கும்போது, முதல் ரெண்டு வருஷம் பூ விட்டால் கிள்ளிப் போடுவோம். விட்டா காய்க்கும், ஆனா வேரும் கிளையும் தேறாது. நேத்து ரட்சிக்கப்பட்ட பிள்ளையை இன்னைக்கு மைக் பிடிச்சுச் சாட்சி சொல்ல ஏத்திவிட்டு, ஒரு வருஷத்துல அவன் காணாமப் போனதும் "பின்வாங்கிட்டான்"னு சொல்றோமே, அது யார் தப்பு?

முதுநகர் ஊழியன்:
ரெண்டு வருஷம் கிள்ளுங்க அண்ணே, சரி. பத்தாவது வருஷமும் கிள்ளிக்கிட்டே இருக்கலாமா? 2 பேதுரு 1-ல் "அதிக ஜாக்கிரதையுள்ளவர்களாய்" கூட்டி வழங்கச் சொல்லியிருக்கு. முயற்சி வேணும்.

மிஷன் வீதி:
எதைக் கூட்டச் சொல்றார் பேதுரு? விசுவாசத்தோடு தைரியம், ஞானம், இச்சையடக்கம், பொறுமை, தேவபக்தி, சகோதர சிநேகம், அன்பு. இவை பெருகினால் கனியற்றுப் போக மாட்டீங்க என்கிறார். ஆள் எண்ணிக்கை அந்த வரிசையில் இல்லையே.

முதுநகர் ஊழியன்:
அன்பு இருக்கிறவன் பக்கத்து வீட்டுக்காரன் அழியறதைப் பார்த்துச் சும்மா இருக்க மாட்டான். அதைத்தான் நான் முதல்லயிருந்து சொல்றேன்.

கெடிலக்கரை:
அதை நான் மறுக்கலை பிரதர். "என்னில் நிலைத்திருங்கள்" என்கிறது படிவத்தில் போட்ட அதே யோவான் 15-ஆம் அதிகாரத்தின் 4-ஆம் வசனம். நிலைத்திருக்காத கொடி தானாய்க் கனி கொடுக்காதுன்னும் இருக்கு. அதைப் படிவத்தில் யாரும் அச்சடிக்கலையே என்பதுதான் என் வருத்தம். எண் கேட்கிற கட்டத்தைக் காலியா விட்டு, ஞாயிற்றுக்கிழமை பாஸ்டரிடமே நேரில் சொல்லப் போறேன்.

முதுநகர் ஊழியன்:
காலியா விடாதீங்க சிஸ்டர். எண் போட மனசில்லைன்னா, நீங்க தினமும் ஜெபிக்கிற ஒருத்தர் பேரை எழுதுங்க. எங்க சபையிலும் அப்படிக் கேட்கலாமான்னு நான் விசாரிக்கிறேன். மத்தபடி என் கருத்தில் மாற்றமில்லை.