ஒட்டு மீனைக் கையில் தொட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? (அனுபவப் பகிர்வு)

ஹட்டன்_குளிரு

ஹட்டன் சந்தை, மழைக்காலம், மீன் லொறி பிந்தி வந்த நாள். மீன்கார நானா உரப்பையைத் தலைகீழாகக் கொட்டுகிறார். எல்லாம் விழுந்துவிட்டது, ஒன்று மட்டும் விழவில்லை. அதுதான் ஒட்டு மீன், சுறா மாதிரிப் பெரிய மீன்களில் தலையால் ஒட்டிக்கொண்டு போகிற மீன். முழ நீளம், கறுத்த உடம்பு, பக்கத்தில் வெள்ளைக் கோடு. அவர் வாலைப் பிடித்து இழுக்க, பையும் கூடவே வந்தது. பலமாக இழுத்தால் பை கிழியும் போல இருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், "வால இழுக்காதப்பா, முன்னால தள்ளு" என்றார். தள்ளியதும் சட்டென்று கழன்றுவிட்டது.

தலைமேல் சப்பாத்து அடி மாதிரி வரிவரியாக இருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன். தலையிலிருந்து வால் பக்கம் போனால் வழுக்குகிறது, திரும்பி வந்தால் தோலைப் பிடிக்கிறது. ஐஸில் கிடந்து எப்போதோ செத்த மீன் அது. செத்ததற்குப் பிறகும் எப்படிப் பிடித்துக்கொண்டிருந்தது? அதுதான் இன்னும் மண்டைக்குள் ஓடுகிறது.

பசறைக்காரி

எனக்கு உயிரோடு நடந்தது. நிலாவெளிக்கு டூர் போய், புறாத்தீவுப் பக்கம் கண்ணாடி போட்டுத் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தோம். கருமுனைச் சுறா பார்க்கத்தான் போனது, அதுவும் தூரத்தில் தெரிந்தது. அப்போது தொடையில் ஜில்லென்று ஏதோ பட்டது. குனிந்து பார்த்தால் இந்த மீன், தலையை என் காலோடு வைத்து நகருகிறது. ஒட்டும், விடும், கொஞ்சம் தள்ளி மறுபடி ஒட்டும். வலி சுத்தமாக இல்லை. ஆனால் நான் போட்ட கூச்சலில் படகுக்காரத் தம்பி சிரித்தே தண்ணீரில் விழப் பார்த்தார். "அக்கா, உங்கள பெரிய மீன்னு நெனச்சிருச்சு" என்றார். அதை என் வீட்டுக்காரர் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்.

மஸ்கெலியா_மழை

இதற்கா கடலுக்குப் போகணும்? நம்ம ஆற்றிலேயே இருக்கிறதே. கல்லைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு வெள்ளம் வந்தாலும் அசையாமல் நிற்கும் சின்ன மீன். சின்ன வயதில் பிடித்து உள்ளங்கையில் ஒட்டவிட்டு விளையாடியிருக்கிறோம். அதே சாதிதான். கடலில் வளர்ந்தால் பெரிதாகும், அவ்வளவுதான்.

பயோ_டீச்சர்

மஸ்கெலியாத் தம்பி, அது வேறு, இது வேறு. நீங்கள் சொல்வது கெண்டைக் குடும்பத்துக் கர்ரா. அதற்கு உறிஞ்சும் தட்டு வாய்க்குக் கீழே, வயிற்றுப் பக்கம் இருக்கும். ஒட்டு மீனுக்குத் தட்டு உச்சந்தலையில். முதுகுத் துடுப்புதான் அப்படி மாறியிருக்கிறது. குஞ்சு பொரிக்கும்போது அது கிடையாது. வளர வளரத் தலைக்குப் பின்னால் தோன்றி, மெல்ல முன்னால் நகர்ந்து வந்து உட்காரும்.

ஹட்டன் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். அந்த வரிகள் எலும்புத் தகடுகள். அவற்றில் பின்பக்கம் சாய்ந்த நுண்ணிய முட்கள். மீன் பின்னால் இழுபட்டால் முட்கள் இன்னும் இறுகும், முன்னால் போனால் விடும். முள் குத்திப் பிடிக்க உயிர் தேவையில்லை, உரப்பையின் பின்னல் போதும். இதற்குக் காற்றுப்பையும் கிடையாது, நீந்தாவிட்டால் அமிழ்ந்துவிடும். சுறாவில் ஒட்டிக்கொண்டால் வாயைத் திறந்து வைத்திருந்தாலே போதும், தண்ணீர் தானாகச் செவுள் வழியே ஓடும். மூச்சுவிடும் வேலையும் மிச்சம்.

இன்னொன்று. இதை 'ஒட்டுண்ணி' என்று எழுதும் பிள்ளைகளுக்கு நான் புள்ளி போடுவதில்லை. அது சுறாவின் இரத்தத்தைக் குடிப்பதில்லை. பாடத்தில் ஓரட்டிலுண்ணல் (ஒன்றுக்கு நன்மை, மற்றதற்கு நன்மையும் இல்லை கெடுதியும் இல்லை) என்று படிக்கிறோம், அதுவும் முழுக் கதை இல்லை. 1970-இல் கிரெஸ்ஸி, லாக்னர் என்ற ஆய்வாளர்கள் இந்த மீன்களின் வயிற்றைத் திறந்து பார்த்தபோது, பெரிய மீன்களின் உடம்பில் தொற்றும் கொப்பிபொட் (இறால், நண்டு வகையைச் சேர்ந்த சின்னப் பூச்சி) ஒட்டுண்ணிகள் கிடைத்தன. சுத்தம் செய்து கூலி வாங்குகிறது என்றுதான் வைத்துக்கொள்ளுங்கள்.

பேலியகொட_நைட்ஷிப்ட்

டீச்சர் சொல்லும் அந்தக் கொப்பிபொட்டை நான் பார்த்திருக்கிறேன். ஊர் தலவாக்கலை, வேலை கொழும்பு மீன் மார்க்கெட்டில், ராத்திரி ஷிப்ட். சுறாவின் துடுப்பு ஓரத்தில் கறுப்புப் பொட்டுப் பொட்டாக வரிசையாக இருக்கும். உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றின் பின்னாலும் இரண்டு மெல்லிய நூல் தொங்கும். முட்டை நூல் என்று பிறகு தெரிந்தது. நகத்தால் சுரண்டினாலும் லேசில் வராது.

எனக்கு மறக்காதது அது இல்லை. ஒருநாள் ஒட்டு மீன் ஒன்றின் செவுள் மூடியைச் சும்மா தூக்கிப் பார்த்தேன். உள்ளே சிவப்புச் செவுளில் வெளிறிய தட்டைப் புழுக்கள் அப்பிக் கிடந்தன. சுறாவின் பூச்சியைத் தின்னப் போகிறவனுக்கே வீட்டுக்குள் ஆள் குடியிருக்கிறான்! இதைச் சுத்தம் செய்ய யார் வருவார்?

பயோ_டீச்சர்

அருமையாகப் பார்த்திருக்கிறீர்கள். செவுளில் வாழும் தட்டைப்புழு இனங்கள் பல உண்டு. ஒட்டு மீன்களில் வழக்கமாகக் காணப்படுவது டயோன்கஸ் என்ற பேரினம்.

மஸ்கெலியா_மழை

டீச்சர், சுத்தம் செய்து கூலி என்றால் டொல்பின் ஏன் அதை உதறப் பார்க்கிறது? கல்பிட்டியில் சுழன்று சுழன்று குதிக்கும் டொல்பின்கள் ஒட்டு மீனை உதறத்தான் அப்படிக் குதிக்கின்றன என்று ஒரு கருத்து இருக்கிறதே. கூலிக்காரனை யாராவது வானத்தில் சுழற்றி எறிவார்களா? தொங்கிக்கொண்டு போகிறவனால் இழுக்கிறவனுக்குப் பாரம் இல்லையா? அப்புறம், கர்ரா விஷயத்தை நான் இன்னும் விடவில்லை.

நுவரெலியா_தாமரை

எனக்குப் பெரிய கதை ஒன்றும் இல்லை. வாங்கி வந்த பலயா மீனின் குடலில் சுருண்ட வெள்ளைப் புழுவைப் பார்த்துவிட்டுக் கழுவாமல் அப்படியே தூக்கி எறிந்தேன், அவ்வளவுதான். ஆனால் இதை வாசிக்கிறவர்கள் மீனே வேண்டாம் என்று நினைக்கக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். துடுப்பிலும் செவுளிலும் இருக்கும் பூச்சி மனிதரிடம் வாழாது. குடலில் இருக்கும் அனிசாக்கிஸ் புழுதான் கவனம், அதுவும் முக்கியமாகப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிட்டால். நன்றாகக் கொதித்த குழம்பில் ஒன்றும் உயிரோடு மிஞ்சாது. பச்சையாகச் சாப்பிடுகிறவர்கள் -20 பாகையில் 7 நாள் உறையவைக்க வேண்டும், வீட்டு ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டியை நம்பாதீர்கள். லொறியில் மலையேறி வரும் மீன் என்றால் செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்கணும். கண் குழிந்திருந்தால் வேண்டாம். குடலை வீட்டுக்குக் கொண்டுவராமல் அங்கேயே எடுக்கச் சொல்லுங்கள், நேரம் போகப் போகப் புழு சதைக்குள் போகும். எலுமிச்சை பிழிந்தால் புழு சாகும் என்பது பொய். மஞ்சள் போட்டாலும் அப்படித்தான்.

ஹட்டன்_குளிரு

தாமரை அக்கா, நான் கேட்டது உரப்பையைப் பற்றி!

பேலியகொட_நைட்ஷிப்ட்

மஸ்கெலியா அண்ணே, அடுத்த தடவை ஊருக்கு வரும்போது ஐஸ் பெட்டியில் ஒரு ஒட்டு மீன் கொண்டுவருகிறேன். உங்கள் ஆற்று மீனையும் பிடித்து வையுங்கள். இரண்டையும் மல்லாக்கப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.