புதுப்பிப்பு: ஆறு சக்கர ரோபோ திரும்பும்போது சங்கிலி கழன்ற சிக்கல் தீர்ந்தது

எங்கள் மாணவர் அணியின் போட்டி ரோபோ நின்ற இடத்திலேயே திரும்பும்போது மோட்டார்கள் திணறுவதையும் சங்கிலி கழன்று விழுவதையும் குறித்து முன்பு கேட்டிருந்தேன். விடையளித்த அனைவருக்கும் நன்றி.

சிக்கலைத் தீர்த்தது மோட்டாரை மாற்றும் யோசனையன்று, நடுச் சக்கரங்களை மட்டும் 3 மி.மீ. தாழ்த்திப் பொருத்தச் சொன்ன யோசனைதான். ஆறு சக்கரங்களும் ஒரே மட்டத்தில் தரையைத் தொட்டால், திரும்பும்போது முன், பின் சக்கரங்கள் பக்கவாட்டில் தேய்ந்து இழுபடுகின்றன. நடுவில் தாழ்த்தியதும் ஒரு நேரத்தில் நான்கு சக்கரங்களே எடையைத் தாங்குவதால், அந்த இழுபறி வெகுவாகக் குறைந்துவிட்டது. நிற்கையில் வண்டி முன்னும் பின்னும் இலேசாக ஆடும், அது கோளாறன்று.

சங்கிலிக்குப் பதிலாக 5 மி.மீ. பல்லிடைவெளி கொண்ட டைமிங் பெல்ட்டுக்கும் (உட்புறம் பற்களுள்ள வார்) மாறினோம். இரு கப்பிகளும் ஒரே அளவினவாக இருந்தால், ஒரு கப்பியின் பற்களின் எண்ணிக்கையைப் பல்லிடைவெளியால் பெருக்கி, பெல்ட்டின் நீளத்திலிருந்து கழித்து, மீதியை இரண்டால் வகுத்தால் அச்சுகளின் இடைத்தூரம் கிடைக்கும். எங்களுடையது 500 மி.மீ. பெல்ட், 24 பல் கப்பி. ஆகவே இடைத்தூரம் 190 மி.மீ. என்று வந்தது. அச்சுகளை அத்தூரத்திலேயே வைத்ததால், பெல்ட்டின் இழுவிசையைச் சரிசெய்யும் உருளை தேவைப்படவில்லை.

பக்கத் தகடுகளுக்கு அக்ரிலிக் வேண்டாம், பாலிகார்பனேட் போதும் என்றதும் சரியே. இரண்டும் பிளாஸ்டிக் வகைகளே; அக்ரிலிக் மோதலில் உடையும், பாலிகார்பனேட் வளைந்து கொடுக்கும். எதிர்பாராதது ஒன்று: திருகு தளராமலிருக்க இடும் பூட்டுப் பசை பட்ட துளைகளைச் சுற்றி மயிரிழை வெடிப்புகள் தோன்றின. அப்பசை பாலிகார்பனேட்டுக்கு ஆகாது. புதுத் தகடுகளில் நைலான் வளையமுள்ள நட்டுகளைப் போட்டோம், வெடிப்பு வரவில்லை. உலோகத்தோடு உலோகம் சேரும் இடங்களில் மட்டும் பசை தொடர்கிறது.